பிளான் பெருசாச்சு, நெட் மட்டும் ஏன் அப்படியே இருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகளைப் பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே புலம்பல்தான், "நெட் ஸ்லோ". அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், போன் எது வாங்கலாம்னு கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், 100 எம்பிபிஎஸ் பிளான்லேர்ந்து 300க்கு மாறினேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டா முள்ளு சரியா 300ல போய் நிக்குது. ஆனா வெப்சைட் திறந்தா அதே வெள்ளைத் திரை ஒரு செகண்ட் முழிக்குது, வீடியோ கால்ல அதே "ஹலோ... ஹலோ... கேக்குதா?" கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?

பதில்: ஏமாத்தலைங்க. 300 கேட்டீங்க, 300 குடுத்துட்டாங்க. ஆனா உங்களை எரிச்சல்படுத்துற விஷயம் அந்த 300ல இல்லவே இல்ல, அது வேற ஒரு நம்பர், விளம்பரத்துல அதைப் பெரிய எழுத்துல யாரும் போடறதில்ல.

பத்து மாடி கட்டடத்துல ஒரு லிஃப்ட் இருக்குனு வெச்சுக்குங்க. ஆறு பேர் ஏறுற லிஃப்ட்டை எடுத்துட்டு இருபது பேர் ஏறுற லிஃப்ட் போடறாங்க. ஒரே நேரத்துல நெறைய பேர் போகலாம், நல்ல விஷயம்தான். ஆனா நீங்க கையில ஒரே ஒரு பேப்பரோட தனியா நிக்கிறீங்கன்னா? பத்தாவது மாடிக்குப் போக முன்னாடி எவ்ளோ நேரமோ இப்பவும் அவ்ளோதான். லிஃப்ட்டோட அகலம்தான் பேண்ட்வித், அதுதான் உங்க எம்பிபிஎஸ். கீழேர்ந்து மேல போய் திரும்பி வர ஆகுற நேரம் லேட்டன்சி, அதை மில்லி செகண்ட்ல சொல்லுவாங்க, கேம் ஆடுற பசங்க பிங்னு சொல்றது இதைத்தான். நீங்க காசு குடுத்து பெருசாக்கினது அகலத்தை.

இப்ப வெப்சைட்டுக்கு வருவோம், இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு லிங்க்கைத் தட்டினதும் பக்கம் நேரா ஓடி வந்துடும்னு நாம நெனைக்கிறோம், அப்படி இல்ல. மொதல்ல அந்த சைட்டோட பேருக்கு என்ன முகவரினு தேடணும், அது பெரும்பாலும் பக்கத்துலயே கெடச்சுடும், விட்டுடுவோம். அப்புறம் உங்க மெஷின் அந்த சர்வரைப் பாத்து "இருக்கியா"னு ஒரு தடவை கேட்டு பதில் வாங்கணும். அடுத்து பூட்டு சாவி விவகாரம், யாரும் ஒட்டுக் கேக்காம இருக்க ரெண்டு பேரும் ரகசியமா ஒரு சாவியைப் பேசி முடிக்கணும், அதுக்கு இன்னொரு தடவை போய் வரணும், பழைய முறையில ரெண்டு தடவை. இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம்தான் "பக்கத்தைக் குடு"ங்கிற பேச்சே. அதுலயும் சர்வர் எடுத்த எடுப்புல எல்லாத்தையும் கொட்டாது, வழி எவ்ளோ தாங்கும்னு அதுக்குத் தெரியாதில்லையா, அதனால மொதல்ல பத்து பாக்கெட் (தகவலை வெட்டி அனுப்புற சின்னத் துண்டு), அதாவது ஒரு 14 கேபி அனுப்பிப் பாக்கும், வந்து சேந்துச்சுனு உங்க பக்கத்துலேர்ந்து பதில் போனா அடுத்து 28, அப்புறம் 56, அப்புறம் 112னு இரட்டிப்பாக்கிக்கிட்டே போகும்.

கணக்கு போட்டுப் பாருங்க. 200 கேபி ஃபைல் ஒண்ணு, சர்வர் தூர தேசத்துல, ஒரு தடவை போய் வர 200 மில்லி செகண்ட். "இருக்கியா"வுக்கு ஒண்ணு, சாவிக்கு ஒண்ணு, ஃபைலுக்கு நாலு, ஆக ஆறு நடை, 1.2 செகண்ட். இதே 200 கேபியை 100 எம்பிபிஎஸ் லைன்ல தள்ள எவ்ளோ நேரம் ஆகும்? 16 மில்லி செகண்ட். 300ல? சுமார் 5. அதாவது நீங்க மாசாமாசம் கூடுதலா கட்டுற காசுக்கு அந்த 1.2 செகண்ட்ல மிச்சமானது மிஞ்சிப் போனா 11 மில்லி செகண்ட், கண்ணு சிமிட்டுற நேரத்துல பத்துல ஒரு பங்கு கூட தேறுமாங்கிறது சந்தேகம். வெள்ளைத் திரை ஏன் போகலைனு இப்ப புரியுதா?

ஸ்பீடு டெஸ்ட் ஏன் 300 காட்டுச்சுனு அடுத்து கேப்பீங்க. அது பக்கத்துல இருக்கிற சர்வராப் பாத்து, பல கனெக்‌ஷனை ஒரே நேரத்துல திறந்து, பல செகண்ட் விடாம கொட்டிப் பாக்குது. லிஃப்ட்டை முழுசா நிரப்பி நிரப்பி அனுப்பினா எத்தனை பேர் போறாங்கனு எண்ணுற மாதிரி. நீங்க நாள் பூரா செய்யுறது ஒத்தை ஆளா ஏறி ஏறி எறங்குறது.

வீடியோ கால் கதையும் இதேதான், ஒரு நல்ல எச்டி காலுக்கு மூணு நாலு எம்பிபிஎஸ் இருந்தா போதும், உங்க பழைய 100லயே இருபது கால் ஓட்டலாம். பேச்சு ஒரு பக்கமா போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா பெரும்பாலும் தொந்தரவு தெரியாதுனு சர்வதேச தொலைத்தொடர்பு சங்கத்தோட பழைய சிபாரிசு ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டத் தாண்ட ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயைத் திறப்பாங்க, ரெண்டு பேரும் "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க"ம்பாங்க, அப்புறம் ரெண்டு பேரும் மௌனமாயிடுவாங்க. அந்தக் கூத்து அகலம் பத்தாம வர்றது இல்ல, நேரம்.

கேள்வி: அப்போ யூடியூப் மட்டும் எப்படி தடங்கலே இல்லாம ஓடுது? அதே நெட்தானே, அதே லேட்டன்சிதானே?

பதில்: வீடியோ ஏற்கனவே எடுத்து வெச்சது. நீங்க மூணாவது நிமிஷம் பாத்துக்கிட்டு இருக்கும்போதே அடுத்த அரை நிமிஷத்தை போன் எறக்கி வெச்சுக்கும், நடுவுல நெட்டு கொஞ்சம் தள்ளாடினாலும் கையிருப்பை வெச்சு சமாளிச்சுடும். கால்ல எதிர்ல இருக்கிறவர் இன்னும் வாயே திறக்கலை, பேசாத பேச்சை எங்கேர்ந்து முன்கூட்டியே டவுன்லோடு பண்றது? அதனாலதான் படம் பாக்க அகலம் முக்கியம், பேசவும் ஆடவும் நேரம் முக்கியம். 4கே படத்துக்கு 15லேர்ந்து 25 எம்பிபிஎஸ் கேக்கும், அது இருந்தா போய் வர 300 மில்லி செகண்ட் ஆனாலும் படம் பாட்டுக்கு ஓடும், ப்ளே அமுக்கினதும் ஒரு சின்ன தயக்கம், அவ்ளோதான்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ்ங்கிறாங்க, டவுன்லோடு ஆகும்போது 12னுதான் காட்டுது. இதாவது ஏமாத்து வேலைதானே?

பதில்: இதுவும் இல்ல, மன்னிச்சுக்குங்க. பிளான்ல இருக்கிறது பிட், டவுன்லோடு பாக்ஸ்ல காட்டுறது பைட், எட்டு பிட் சேந்தா ஒரு பைட். 100ஐ எட்டால வகுத்தா 12.5. ஆனா பெரிய நம்பரா தெரியுதுனுதான் பிட்லயே விக்கிறாங்களோனு எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு.

கேள்வி: என் பையன் ஆன்லைன் கேம் ஆடுவான். ராத்திரி ஒன்பது மணி ஆனா "லேக், லேக்"னு கத்துறான். கவனிச்சுப் பாத்ததுல என் போன் போட்டோ எல்லாம் பேக்கப் ஆகுற நேரம் அது. நான் மேல அனுப்புறேன், அவன் கேம் கீழ வருது, இது ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்? பிளானை பெருசாக்கணுமா?

பதில்: அம்மா, உங்களுக்கு ஒரு கும்பிடு. நேரத்தை வெச்சே பாதி துப்பறிஞ்சுட்டீங்க.

கேம் மொத்தமா ஓடுறப்போ 1 எம்பிபிஎஸ்கூட தாண்டாது, அப்டேட் வந்தாதான் ஜிபி கணக்குல எறங்கும், அது வேற. ஆடும்போது அது அனுப்புறது ரொம்ப சின்னச் சின்ன தகவல், "இங்க நிக்கிறேன், இப்ப சுட்டேன்", ஆனா செகண்டுக்குப் பல தடவை அனுப்பும். அதுவும் மேலதான் போகணும் இல்லையா, உங்க போட்டோ போற அதே வழியா.

உங்க ரவுட்டர்லயோ மோடம்லயோ ஒரு காத்திருப்பு வரிசை இருக்கு, பஃபர்னு சொல்லுவாங்க. லைன் பிஸியா இருந்தா பாக்கெட்டைக் கீழ போடாம அதுல நிறுத்தி வெக்கும். நல்ல எண்ணம்தான், ஆனா மெமரி மலிவாச்சுனு ஆளாளுக்கு பெரிய பெரிய வரிசையா வெச்சுட்டாங்க. உங்க அப்லோடு 10 எம்பிபிஎஸ், வரிசையில 1 எம்பி பிடிக்கும்னு வெச்சுக்குங்க. போன் போட்டோவைக் கொட்டிக் கொட்டி அந்த வரிசையை ரொப்பிடும். இப்ப பையனோட "சுட்டேன்" வந்து வரிசையோட வால்ல நிக்குது. முன்னாடி இருக்கிற 1 எம்பி வெளிய போக 0.8 செகண்ட். 20 மில்லி செகண்டா இருந்த பிங் 820 ஆயிடுச்சு. அவன் சுட்டது சர்வருக்குத் தெரியறதுக்குள்ள எதிராளி இவனைச் சுட்டு, வீட்டுக்குப் போயிட்டான். கத்தாம என்ன பண்ணுவான்.

இதுல ஒரு வேடிக்கை. உங்க போன் ஏன் அப்படி அடாவடியா கொட்டுதுன்னா, இன்டர்நெட்டோட பழைய ஒப்பந்தப்படி பாக்கெட் தொலைஞ்சாதான் "ஓஹோ, நெரிசல் போல, கொறைச்சுக்குவோம்"னு அனுப்புறவங்களுக்குத் தெரியும். பெரிய வரிசை எதையும் தொலைக்காது, நிறுத்தி நிறுத்தி வெக்கும், அதனால போனுக்கு நெரிசலே தெரியாம இன்னும் வேகமா தள்ளும். எதையும் தொலைக்கக் கூடாதுனு வெச்ச ஏற்பாடே கெடுதலா முடிஞ்சுது. ஜிம் கெட்டிஸ்னு ஒரு இன்ஜினியர் 2010 வாக்குல தன் வீட்டு லைன்லயே இதைப் பாத்துட்டு நோண்ட ஆரம்பிச்சார், பஃபர்ப்ளோட்னு பேரும் வெச்சார். அப்புறம் 2012ல கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ரெண்டு பேரும் ஒரு வழி சொன்னாங்க: வரிசை எவ்ளோ நீளம்னு பாக்காதே, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்ளோ நேரம் நின்னுச்சுனு பாரு, 5 மில்லி செகண்டுக்கு மேல தொடர்ந்து நிக்க ஆரம்பிச்சா ஒண்ணைத் தூக்கிப் போடு, அனுப்புறவனுக்குத் தானா உறைக்கும்.

அதுலேர்ந்து வந்த வசதி இப்ப பல ரவுட்டர்ல இருக்கு. செட்டிங்ஸ்ல எஸ்க்யூஎம்னோ ஸ்மார்ட் கியூனோ போட்டிருப்பாங்க. அதை ஆன் பண்ணி, உங்க லைன் நெஜமா குடுக்கிற அப்லோடு வேகத்துல 90 சதவீதம் அளவுக்கு வேகத்தைக் கட்டிப்போடுங்க, 10 வந்தா 9 போடுங்க. வேகத்தை வேணும்னே கொறைக்கிறதாங்கறீங்களா, ஆமா, அப்பதான் வரிசை கம்பெனிக்காரனோட மோடம்ல சேராம உங்க ரவுட்டர் கையில இருக்கும், அது பையனோட சின்ன பாக்கெட்டை முன்னாடி விட்டுடும். அந்த செட்டிங் இல்லாத ரவுட்டரா இருந்தா ரொம்ப சுலபமான வழி, பேக்கப்பை அவன் தூங்கின பிறகு நடக்கிற மாதிரி மாத்திடுங்க. பைசா செலவில்லை.

பிளானை பெருசாக்கினா வரிசை சீக்கிரம் கரையும், பலன் கொஞ்சம் இருக்கும், இல்லேனு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்து யாராவது ஒரு கல்யாண வீடியோவை அப்லோடு பண்ணுவாங்க, மறுபடி கத்தல்.

கேள்வி: பிரச்சினை வீட்டுக்குள்ளயா வெளியயானு எப்படி தெரிஞ்சுக்கறது? கஸ்டமர் கேர்ல கூப்பிட்டா "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னுதான் சொல்றாங்க.

பதில்: அவங்களுக்கு முன்னாடி வெச்சிருக்கிற பேப்பர்ல அதுதான் மொதல் வரி. நீங்களே பாக்கலாம். கம்ப்யூட்டர்ல கமாண்ட் திரையைத் திறந்து பிங்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு ரவுட்டரோட முகவரியைக் குடுங்க, பல வீட்ல அது 192.168.1.1, இல்லைன்னா ரவுட்டர் அடியில ஒட்டியிருக்கும். 1983 டிசம்பர்ல மைக் மூஸ்ங்கிறவர் எழுதின குட்டி புரோகிராம் இது, நீர்மூழ்கிக் கப்பல்ல சத்தம் அனுப்பி எதிரொலி கேக்குறாங்களே அதே வேலை, நாப்பது வருஷம் தாண்டியும் இதுக்கு மாத்து இல்ல.

கேபிள்ல சொருகியிருந்தா பதில் 1 மில்லி செகண்டுக்குள்ள வரும். வைஃபைல 2, 3, 5னு வந்தா ஆரோக்கியம். 4, 3, 180, 5, 240னு குதிச்சா பிரச்சினை உங்க சுவத்துக்குள்ளயே இருக்கு, வெளிய யாரைத் திட்டியும் புண்ணியமில்ல. வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனல்ல இருந்தா அவங்க பேசி முடிக்கிற வரை உங்க போன் வாயை மூடிக்கிட்டு நிக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில இருந்தா மைக்ரோவேவ் ஓவன் ஓடும்போது கூட பாக்கெட் சிதறி திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டு இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க, முடிஞ்சா டெஸ்க்ல இருக்கிற மெஷினுக்கு கேபிளே போட்டுடுங்க. இந்தக் குதியலுக்கு ஜிட்டர்னு பேரு, சராசரி நல்லா இருந்தும் கால் கரகரங்குதுன்னா இவர்தான் காரணம்.

ரவுட்டர் வரை சுத்தமா இருந்தா அதே பிங்கை 8.8.8.8க்கு (வெளிய இருக்கிற கூகுள் சர்வரோட முகவரி) போடுங்க. அதை ஓட விட்டுக்கிட்டே இன்னொரு போன்ல பெரிய வீடியோ ஒண்ணை அப்லோடு பண்ணுங்க. சும்மா இருக்கும்போது 15, அப்லோடு பண்ணும்போது 600ன்னா, மேல அந்த அம்மாவுக்கு சொன்னதுதான் உங்களுக்கும். சும்மா இருக்கும்போதே 200ன்னா அப்ப கஸ்டமர் கேர்ல சண்டை போடுங்க, கையில நம்பர் இருக்கு. இதெல்லாம் அடிக்க சோம்பலா இருந்தா ஃபாஸ்ட் டாட் காம்ல டெஸ்ட் போட்டுட்டு கூடுதல் விவரத்தைத் தட்டுங்க, லைன் காலியா இருக்கும்போது ஒரு லேட்டன்சி, லோடு ஏறினப்போ ஒரு லேட்டன்சினு ரெண்டும் காட்டும். ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளினு பாருங்க, மேல கொட்டை எழுத்துல இருக்கிற வேகத்தைவிட அதுதான் உங்க வீட்டு நெலவரத்தைச் சொல்லும்.

கேள்வி: காசு எவ்ளோ ஆனாலும் பரவால்ல, லேட்டன்சியைக் கொறைக்க வாங்க முடியுமா?

பதில்: ஒரு அளவுக்கு. கண்ணாடி இழைக்குள்ள ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், வெற்றிடத்துல போறதுல மூணுல ரெண்டு பங்கு. அதனால ஒவ்வொரு 1000 கிலோமீட்டருக்கும் போய் வர 10 மில்லி செகண்ட் கட்டாய வரி, எந்த பிளான்லயும் தள்ளுபடி கிடையாது. சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா 100க்குக் கீழ எவனாலும் தர முடியாது, கேபிள் நேர்கோட்டுலயும் போறதில்ல, அதனால நெஜத்துல இன்னும் கூடும்.

பங்குச்சந்தைக்காரங்க இதுல எந்த எல்லைக்கும் போவாங்க. அமெரிக்காவுல ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ்னு ஒரு கம்பெனி சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல முடிஞ்ச வரை நேரா ஃபைபர் புதைச்சு 2010ல போய் வர 13 மில்லி செகண்ட் சொச்சத்துக்குக் கொண்டு வந்தாங்க, முன்னாடி இருந்ததைவிட சில மில்லி செகண்ட் மிச்சம், அதுக்கே அவ்ளோ தோண்டல். கொஞ்ச வருஷத்துல வேற ஆளுங்க வழி நெடுக டவரா வெச்சு மைக்ரோவேவ் ரேடியோ அலையில அனுப்பி அதையும் முந்திட்டாங்க, ஏன்னா காத்துல அலை கிட்டத்தட்ட வெற்றிட வேகத்துலயே போகும். இத்தனைக்கும் மைக்ரோவேவ்ல பேண்ட்வித் ஃபைபர் பக்கத்துலயே வராது, மழை பெஞ்சா அதுவும் தகராறு. அகலம் போனா போகட்டும், மொதல்ல போய்ச் சேரணும்னு தெரிஞ்சே எடுத்த முடிவு அது.

நமக்கு யாரும் மலையைக் குடைய மாட்டாங்க. அதுக்குப் பதிலா சைட்காரங்க சரக்கை நம்ம பக்கத்துல கொண்டு வந்து வெக்கிறாங்க, ஒரே படத்தோட பிரதியை ஊர் ஊரா சர்வர்ல வெச்சா யாருக்கும் தூரம் இல்ல.

கேள்வி: சேட்டிலைட் நெட்டுல பிங் மோசம்னு சிலர் சொல்றாங்க, சூப்பர்னு சிலர் சொல்றாங்க. எது உண்மை?

பதில்: ரெண்டும், எந்த சேட்டிலைட்ங்கிறதைப் பொறுத்து. பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்துல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி தெரியும். கேள்வி மேல போகணும், கீழ எறங்கணும், பதிலும் மேல போய் கீழ எறங்கணும், நாலு தடவை அந்த உயரம், ஒளி வேகத்துலயே கிட்டத்தட்ட அரை செகண்ட், நடைமுறையில 600ஐத் தாண்டும். ஸ்டார்லிங்க் மாதிரி புது வகை சுமார் 550 கிலோமீட்டர்லயே சுத்துது, அதனால பிங் 25லேர்ந்து 60 வரைக்கும், கேமே ஆடலாம். என்ன, கீழ சுத்துறது தலைக்கு மேல ரொம்ப நேரம் நிக்காது, கொஞ்ச நேரத்துல ஓடிடும், அடுத்தது வந்து பிடிச்சுக்கணும், அதனாலதான் ஆயிரக்கணக்குல விட்டுக்கிட்டே இருக்காங்க.

கேள்வி: பேண்ட்வித் சூப்பரா, லேட்டன்சி படுமோசமா ஒரே லைன்ல இருக்க முடியுமா?

பதில்: பூனை வீடியோவே இருக்கு. 2023 டிசம்பர்ல நாசாவோட சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டர் தள்ளியிருந்து லேசர் வழியா ஒரு 15 செகண்ட் வீடியோவை பூமிக்கு அனுப்புச்சு, டேட்டர்ஸ்னு ஒரு பூனை லேசர் புள்ளியைத் துரத்துற வீடியோ. வேகம் 267 எம்பிபிஎஸ், நம்மள்ல பல பேர் வீட்டு லைனைவிட அதிகம். வந்து சேர 101 செகண்ட். அந்த லைன்ல படம் பாக்கலாம், "ஹலோ"னு சொன்னா பதில் கேக்க மூணு நிமிஷத்துக்கு மேல உக்காந்திருக்கணும்.

கேள்வி: பிங்கைக் கொறைக்கிற ஆப்னு விளம்பரம் வருது. போடலாமா?

பதில்: போனுக்குள்ள இருக்கிற ஆப் ஒளியை வேகமா ஓட வைக்குமா என்ன? கேபிள் சுத்து வழியா போகுதுன்னா சில காசு வாங்குற சர்வீஸ் வேற பாதையில திருப்பி விட்டு கொஞ்சம் கொறைக்கும், அது எப்பவாவது சில கேமுக்கு நடக்கும். மத்தபடி பாதி ஆப் பின்னாடி ஓடுற மத்த ஆப்பை நிறுத்திட்டு "பூஸ்ட் ஆச்சு"னு பச்சை டிக் காட்டும், நடுவுல ரெண்டு விளம்பரம் வேற ஓட்டும், அந்த விளம்பரமும் உங்க லைன்லதான் எறங்கணும்.